கையிலிருக்கும் பலத்தோடு வெளியே போவது எப்படி? செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு இயற்கைவழி மனநல வழிகாட்டி

ஆனி பிறந்து கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் குற்றாலத்துக்கு ஊரே திரண்டு வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் ரூம் போட்டு, பேரருவியில் ஒருமுறை, ஐந்தருவியில் ஒருமுறை தலையைக் கொடுத்து, ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு, ‘மனசே லேசாயிடுச்சு’ என்று சொல்லிவிட்டுக் கார் ஏறுகிறார். உள்ளூர்க்காரருக்கோ அந்த இரண்டு மாதமும் கூட்டமும் டிராஃபிக்கும்தான். மலை பஸ் ஜன்னலில் தெரியும். சாரல் துணி காயவிடாது. மனசு சரியில்லை என்று ஆலோசனைக்கு வருகிற இந்தப் பக்கத்து ஆட்களிடம், ‘கொஞ்சம் வெளியே போய் உட்கார்ந்து பாருங்களேன்’ என்று சொன்னால், ‘பொறந்ததுலேர்ந்து இதத்தான பாக்கேன்’ என்பார்கள். நியாயமான பதில்தான்.

இந்த வழிகாட்டி அவர்களுக்காக. புளியரை, செங்கோட்டை, இலஞ்சி, பண்பொழி, வடகரை, மேக்கரைக்காரர்களுக்கும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஆரியங்காவு, கழுதுருட்டித் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். கோடு மாறியதே தவிர, கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் இரண்டு பக்கமும் இன்றைக்கும் நடக்கிறது. மலையும் பொது, மழையும் பொது.

மனசு வலிக்கும்போது பெரும்பாலானவர்கள் குறைகளின் பட்டியலோடுதான் எதையும் தொடங்குகிறார்கள். கோபத்தைக் குறைக்கணும், பயத்தைப் போக்கணும், சோம்பலை விடணும். அந்தப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. வீட்டில் நடக்கும் விசாரணை மரத்தடிக்கு மாறும், அவ்வளவுதான். நான் சொல்லும் முறை, ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பலத்தைக் கண்டுபிடித்து, அதை வெளியில் பயன்படுத்திப் பார்த்து, பிறகு வீட்டுக்குள் கொண்டுவருவது.

இதற்கு என்ன ஆதாரம்?

1984-ல் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைக்காரர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறைக்காரர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. ஜப்பானில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1982-ல், ‘வனக் குளியல்’ என்ற பழக்கத்தை அரசாங்கத்தின் வனத்துறையே ஊக்குவிக்க ஆரம்பித்தது. பெயரைப் பார்த்து அருவியை நினைக்க வேண்டாம். காட்டுக்குள் மெதுவாக நடந்து, கண்ணையும் காதையும் மூக்கையும் திறந்து வைப்பதுதான் அந்தக் குளியல்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் தம்பதி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, செல்போன் பார்ப்பது எல்லாம் கவனத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தி வைக்கும் வேலை. அந்தக் கவனம் களைத்துப் போகும். இலை ஆடுவது, தண்ணீர் ஓடுவது, மேகம் நகர்வது போன்றவை நம்மைச் சிரமப்படுத்தாமல் பார்க்கவைப்பதால் அந்த நேரத்தில் களைத்த கவனம் தேறிக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிஷமாவது இயற்கையில் இருப்பவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று காட்டியது. ஒரேயடியாகப் போனாலும் துண்டு துண்டாகப் போனாலும் வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் உண்டு. ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்பது மனசில் வைத்துக்கொள்ள வசதியான அளவு.

பலங்கள் பற்றியது தனிக் கதை. 2004-ல் கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதரின் நல்ல குணங்களை 24 பலங்களாக வகைப்படுத்தினார்கள். ஆர்வம், துணிச்சல், விடாமுயற்சி, அன்பு, நியாய உணர்வு, நிதானம், நன்றி, நகைச்சுவை, அழகை ரசிப்பது எல்லாம் அதில் உண்டு. 2005-ல் இவர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து வெளியிட்ட சோதனைதான் எனக்கு முக்கியம். ஒரு குழுவினர் தங்கள் முதன்மையான பலங்களைத் தெரிந்துகொண்டதோடு விட்டுவிட்டார்கள். இன்னொரு குழுவினர், அதில் ஒன்றை ஒரு வாரம் தினமும் புது விதமாகப் பயன்படுத்தினார்கள். முதல் குழுவுக்குக் கிடைத்த நிம்மதி நிலைக்கவில்லை. இரண்டாவது குழுவுக்கோ ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வு குறைந்தும் இருந்தது. ‘உன் பலம் இதுதான்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை வேலை வாங்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

படி 1: இடம் பிடிப்பது

அருவி வேண்டாம். கூட்டம் ஒரு காரணம், இரைச்சல் இன்னொன்று. மூன்றாவது, நிஜமான ஆபத்து: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினாலோ சத்தம் மாறினாலோ உடனே ஏறிவிட வேண்டிய இடத்தில் கண்ணை மூடி உட்கார முடியாது.

காட்டுக்குள்ளும் வேண்டாம். குற்றாலம் மலை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது; வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். வடகரை, மேக்கரை, பண்பொழிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ளேயே யானை இறங்குகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் விடியலிலும் இருட்டும் நேரத்திலும் மலையடித் தோப்புக்குப் போகாமல், ஊரை ஒட்டிய இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது? நிறைய. நமக்குக் குளத்துக்குப் பஞ்சமே இல்லை. குளக்கரை, வாய்க்கால் மதகு, புளியரை வயல்வரப்பு, சிற்றாற்றங்கரை மருதமர நிழல், கோயில் நந்தவனம், தெப்பக்குளப் படி எல்லாம் சரிதான். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் இருக்கும் ஓடை போதும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல் அழகுதான், ஆனால் சீசனில் செல்ஃபி எடுப்பவர்கள் நம்மை உட்காரவிட மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தை விட்டுவிடுங்கள். புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிச் சத்தத்தில் குயில் கூவினாலும் கேட்காது.

வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருப்பது முக்கியம். பஸ் ஏறிப் போக வேண்டிய இடமென்றால் மூன்றாவது நாளே நின்றுவிடும். கூப்பிட்டால் ஒரு ஆளுக்காவது கேட்கும் தூரமாகவும் இருக்க வேண்டும். புல் புதரில் நேரடியாக உட்காராமல் பாயோ சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள். செடிகொடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து உண்ணிக்காய்ச்சல் வருவது நம் பக்கத்தில் புதிதல்ல. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் டாக்டரிடம் காட்டி, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இதில் கூடுதல் தலைவலி ஒன்று இருக்கிறது. ஆண் ஒருத்தர் குளக்கரையில் தனியாக உட்கார்ந்தால் ‘அண்ணாச்சி காத்து வாங்குறாரு’ என்பார்கள். ஒரு பெண் உட்கார்ந்தால் ‘யாரு வீட்டுப் புள்ள, என்ன சண்டையாம்?’ என்று அன்றைக்கே வீட்டுக்குச் செய்தி போய்விடும். இதை மாற்ற வேண்டியது ஊர்தான், ஆனால் ஊர் மாறும்வரை காத்திருக்க முடியாது. கோயில் நந்தவனம், வீட்டுப் புறவாசலில் முருங்கையும் வாழையும் நிற்கும் மூலை, மலை தெரியும் மொட்டை மாடி, இந்த மூன்றில் ஒன்று எல்லாருக்கும் அமையும். மதினியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போகலாம். ஆனால் பத்தடி தள்ளித்தான் உட்கார வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சுதான் நடக்கும்.

படி 2: முதல் வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

தினமும் இருபது நிமிஷம். ஒரே இடம், முடிந்தால் ஒரே நேரம். செல்போன் சைலண்டில், பைக்குள். மூச்சுப் பயிற்சியோ மந்திரமோ வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் மனசு கடன், பள்ளிக்கூட ஃபீஸ், மாமியார் சொன்ன வார்த்தை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த முயல வேண்டாம். கண் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

போய் நிற்கத்தான் செய்யும். உதாரணத்துக்கு, மாமரத்தில் முசிறு கூடு கட்டுவதைக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கடி வாங்கியவர்கள்தான் அதிகம். இரண்டு இலையின் ஓரத்தைச் செவ்வெறும்புகள் வரிசையாகக் கவ்விப் பிடித்து இழுக்கும். எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாக நீளும். இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வந்து, இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறித் தொட்டுத் தொட்டு எடுக்கும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு நூல்தான் இலையை ஒட்டும் பசை. வெள்ளையாகத் தெரியும் அந்தத் தையல் முடிய வெகுநேரம் ஆகும். இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. இரண்டு அடி தள்ளி நின்றால் கடியும் கிடையாது.

இன்னொருத்தருக்கு எறும்பு கண்ணிலேயே படாது. கணவாய் வழியாக மேகம் உள்ளே வந்து, ஊர்ப்பக்கம் இறங்க இறங்கக் கரைவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வேறொருத்தர் மடை அடைத்திருப்பதைப் பார்த்து, எழுந்து போய்க் குப்பையை எடுத்துவிட்டு வருவார். எல்லாமே சரிதான். இந்த வேறுபாடுதான் அடுத்த படிக்கு வேண்டிய சரக்கு.

எழுந்து வரும்போது நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ‘மனம் அமைதியாக இருந்தது’ என்ற மாதிரி வரிகள் உதவாது. ‘வாய்க்கால்ல தண்ணி நேத்தைவிடக் கொறைவு. மீன்கொத்தி ரெண்டு தடவ முங்கி வெறும் வாயோட வந்துச்சு’ என்று எழுதினால் உதவும். எழுத வராதவர்கள் வாட்ஸாப்பில் தங்களுக்குத் தாங்களே வாய்ஸ் அனுப்பி வைத்துக்கொள்ளலாம்.

படி 3: நோட்டிலிருந்து பலத்தை எடுப்பது

‘உங்கள் பலம் என்ன?’ என்று நேராகக் கேட்டால் நம் ஆட்களுக்கு வாய் வராது. தன்னைத் தானே மெச்சிக்கொள்வது பண்பில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். பீடி சுற்றும் ஒரு அக்காவிடம் கேட்டபோது, ‘எனக்கு என்ன பலம் இருக்கு அண்ணாச்சி? பீடி சுத்தத் தெரியும், அவ்வளவுதான்’ என்றார். அவர் நோட்டை, அதாவது அவர் சொல்ல மகள் எழுதிய நோட்டை, வாங்கிப் பார்த்தேன். முசிறு கூட்டைப் பற்றி மட்டும் நாலு பக்கம். எந்த இலை முதலில் மடிந்தது, எங்கே தையல் விட்டுப்போனது, மறுநாள் அதை எப்படிச் சரிசெய்திருந்தன என்பதுவரை இருந்தது. இலையை அளவாக வெட்டி, தூளைச் சீராகப் பரப்பி, சுருட்டி, வாய் மடக்கி, நூல் சுற்றும் கைக்கு அந்தக் கூட்டில் என்ன பிழை என்று தெரிகிறது. அந்த நுணுக்கமும் பொறுமையும் வெறும் ‘பீடி சுத்தத் தெரியும்’ இல்லை.

ஆகவே நேர்க்கேள்வி வேண்டாம். ஒரு வார நோட்டை வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள். எதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்? எந்த நாள் இருபது நிமிஷம் போனதே தெரியவில்லை? யாரும் சொல்லாமல் என் கை எதைச் செய்தது? வீட்டுக்கு வந்து யாரிடம் எதைச் சொல்லத் தோன்றியது? பதில்களை 24 பலங்களின் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள்; இணையத்தில் அதற்கென இலவசக் கேள்வித்தாளும் இருக்கிறது. கேள்வித்தாளும் நோட்டும் வேறு வேறு பலத்தைக் காட்டினால் நான் நோட்டைத்தான் நம்புவேன். கேள்வித்தாளில் நாம் ஆக விரும்பும் ஆளைப் பற்றி எழுதிவிடுகிறோம்.

வெளிக்கண் ஒன்றும் வேண்டும். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருத்தரிடம், சித்தியோ நண்பரோ, ‘நான் எப்ப நல்லா இருப்பேன்?’ என்று கேளுங்கள். ‘நீ எப்படிப்பட்ட ஆள்’ என்று கேட்டால் ‘நல்ல ஆள்’ என்று முடித்துவிடுவார்கள். ‘எப்ப’ என்று கேட்டால் ஒரு சம்பவம் சொல்வார்கள். பலம் அந்தச் சம்பவத்துக்குள் இருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கை ஒன்றாக எடுத்தால் எதுவும் ஓடாது.

படி 4: பலத்துக்கு ஏற்ற வெளிவேலை

இப்போதுதான் உட்காருவதிலிருந்து செய்வதற்கு வருகிறோம். ஒரு வாரம், தினமும், அதே பலத்தை வேறு விதமாக.

ஆர்வமும் கற்கும் ஆசையும் உள்ளவருக்கு வேலை கொடுப்பது சுலபம். ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தில் ‘குக்குக்’ என்று கொட்டு அடிப்பதுபோல ஓயாமல் கூப்பிடுவது குக்குறுவான். எந்த மரத்தில், எந்த நேரத்தில், பதில் கூப்பிடும் ஜோடி எங்கே என்று தேடினாலே ஒரு வாரம் ஓடிவிடும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பார்த்ததை ‘ஈபேர்ட்’ செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

விடாமுயற்சி பலமென்றால் நீண்ட வேலையாக எடுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் இந்தப் பலத்தை அடிக்கடி பார்க்கிறேன். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் பட்டையை மெல்லிசாகச் சீவி, கத்தி உள்மரத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகி அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. மேலாகப் போனால் சிரட்டையில் பால் விழாது. மழைக்காலத்தில் வெட்டு நின்று, கை சும்மா இருக்கும் நாட்களில்தான் அவர்களில் பலருக்கு மனசு இறங்குகிறது. குடியும் அப்போதுதான் கூடுகிறது. அவர்களுக்கு ‘ரெஸ்ட் எடுங்க’ என்பது தப்பான வைத்தியம். தினமும் செய்ய ஒரு வேலை வேண்டும்: ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு, குளக்கரையில் வரிசையாக நடுவது போல. பனை ஆளுயரம் வரவே வருஷங்கள் ஆகும். விடாமுயற்சிக்காரருக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

அன்பும் இரக்கமும் பலமாக உள்ளவர்கள் விஷயத்தில்தான் நான் வழக்கத்துக்கு மாறான வேலை கொடுப்பேன். செடிக்குத் தண்ணீர் ஊற்று, நாய்க்குச் சோறு வை என்பதை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பார்கள். வீட்டில் மாமனார், பிள்ளைகள், ஆடு, கோழி என்று எல்லாருக்கும் ஊற்றி ஊற்றியே காலியானவர்கள் இவர்கள். பலம் அளவு மிஞ்சினால் அதுவே நோவாகும். இவர்களுக்கு நான் சொல்வது: யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் தானாக நிற்கும் ஒரு மரத்தடியில் உட்காருங்கள். புளியோ நாவலோ மருதமோ, எதுவாக இருந்தாலும் சரி. அந்த மரத்துக்கு உங்களால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, நிழல் மட்டும் உங்களுக்கு வருகிறது. முதல் நாள் கை பரபரக்கும், சருகையாவது பெருக்கலாமா என்று தோன்றும். பெருக்காதீர்கள். வாரத்தின் இரண்டாவது பாதியில், அதே இரக்கத்தைத் தனக்குக் காட்டும் ஒரு சின்ன காரியம்: தினமும் ஒரு வேளையாவது சாப்பாட்டைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிடுவது போல.

அழகை ரசிப்பவர்கள் படம் எடுத்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரே படம், அதுவும் இருபது நிமிஷம் முடிந்து கிளம்பும்போதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிச்சல் பலமென்றால் காட்டுக்குள் போவதோ வெள்ளத்தில் இறங்குவதோ வேலை இல்லை. அதற்குத் துணிச்சல் என்று பெயரும் இல்லை. கணவர் இறந்தபிறகு அவர் வயல்பக்கமே போகாமல் இருந்தவர், அந்த வரப்பில் ஒரு நாள் பத்தடி, மறுநாள் இருபதடி நடந்து வருவதுதான் இங்கே துணிச்சலுக்கான பயிற்சி. நாலு பேரைக் கூட்டிச் செய்விக்கும் திறமை இருப்பவர் தெரு வாய்க்காலைத் தூர்வாரக் கிளப்பிவிடலாம். பக்தியும் நன்றியும் உள்ளவருக்குக் கோயில் தலமரமே போதும். குற்றாலநாதர் கோயிலுக்குக் குறும்பலா. உங்கள் ஊர்க் கோயிலுக்கு எது என்று விசாரித்து, அதன் இலை, பட்டை, அதில் தங்கும் பறவை எல்லாம் பார்த்து வாருங்கள். சுற்றிக் கும்பிடுவதற்கு முன்னால் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் சரி.

நகைச்சுவை பலமாக உள்ளவருக்கு நான் தனியாக ஒன்றும் சொல்வதில்லை. குற்றாலத்துக் குரங்குகள் டூரிஸ்ட்டிடம் பண்ணும் அட்டகாசத்தைத் தள்ளி நின்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, வீட்டில் நடித்துக் காட்டினால் போதும். தீனி மட்டும் போடாதீர்கள்.

படி 5: வீட்டுக்குள் கொண்டுவருவது

வெளியில் வேலை செய்த பலம் வீட்டு வாசலில் செருப்போடு நின்றுவிடுவது வழக்கம். அதனால் மூன்றாவது வாரம், வெளியில் செய்ததற்கு ஈடாக வீட்டிலோ வேலையிடத்திலோ தினம் ஒன்று செய்ய வேண்டும். பீடி சுற்றும் அக்கா என்ன செய்தார் என்று சொல்கிறேன். முசிறுக் கூட்டில் தையல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்த அதே கண்ணால் ஒரு நாள் சமையலறையைப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தண்ணீர் சுவரோரம் வீணாகத் தேங்குவது தெரிந்தது, சின்னதாக ஒரு வாய்க்கால் கிண்டி வாழைக்குத் திருப்பிவிட்டார். இன்னொரு நாள் கீரை விதைகளைச் சுத்தம் பண்ணி, காகிதத்தில் மடித்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். வளைகுடாவில் இருக்கும் மகன் போன் பண்ணினால் முன்பெல்லாம் ‘சாப்ட்டியா’ என்பதற்குமேல் பேச்சு ஓடாது, பிறகு போனை வைத்துவிட்டு அழுவார். இப்போது அவனுக்குச் சொல்லக் கூட்டுக் கதை இருக்கிறது. தூக்கம் முழுசாகச் சரியாகிவிடவில்லை. அதற்குத் தனியாக டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஈடு கண்டுபிடிக்க ஒரு வழி: வெளியில் என்ன செய்தீர்களோ அதை ஒரு வினைச்சொல்லாகச் சுருக்குங்கள். ‘பார்த்தேன்’, ‘காத்திருந்தேன்’, ‘திருப்பிவிட்டேன்’, ‘விட்டுவிட்டேன்’. அதே வினையை வீட்டில் யாரிடம், எந்த விஷயத்தில் செய்யலாம் என்று யோசியுங்கள். மீன்கொத்திக்காகக் காத்திருந்தவர், பத்தாவது படிக்கும் மகன் பதில் சொல்லும்வரை, இடையில் புகாமல் காத்திருக்கலாம். சொல்வதற்குச் சுலபம்தான், மீன்கொத்தி எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும்.

மழை, முதுமை, நேரமின்மை

சாரலுக்குக் குடை போதும், அதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் இடியும் வேறு. அப்போது குளக்கரையும் மரத்தடியும் வேண்டாம், திண்ணைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் போதுமான காட்சி. குண்டாறு அணை மொத்தமே 36 அடி உயரம்தான், மழை வலுத்தால் மளமளவென்று நிரம்பும். அந்தப் பக்கம் உட்காருபவர்கள் மழைக்காலத்தில் இடத்தை மாற்றிவிட வேண்டும்.

நடக்க முடியாத ஆச்சி, தாத்தாக்களுக்கு என்னுடைய சிபாரிசு ரயில். செங்கோட்டை–புனலூர் பாதை 1904-ல் போட்டது, 2018-ல் அகலப்பாதையாகி முழுசாகத் திறந்தது. ஆரியங்காவு, கழுதுருட்டி வழியே குகை, பதின்மூன்று கண் பாலம், காடு, ஓடை எல்லாம் ஜன்னலுக்கே வரும். காலையில் போய் மாலையில் திரும்பலாம். போகும்போது பேரப்பிள்ளை யாரையாவது கூட்டிப்போய், அந்தக்காலத்து மீட்டர்கேஜ் ரயிலில் போன கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கதை சொல்லுவதே பெரியவர்கள் பலரின் முதன்மையான பலம், கேட்க ஆள் இல்லாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது.

நேரமே இல்லை என்பவர்கள் காலையில் கோலம் போடும், பால் வாங்கப் போகும் நேரத்தில் ஐந்து நிமிஷத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

இது போதாத இடங்கள்

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்யலாம், மாத்திரையை மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுக் கிடந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் வருகிறவரைத் தனியாகக் குளக்கரைக்கு அனுப்பவே கூடாது. துணை இருக்கட்டும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழையுங்கள். இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

சேர்ந்து செய்வதானால்

இரண்டு பேர் அல்லது மூன்று பேர் நல்லது. அதற்குமேல் போனால் பிக்னிக் ஆகிவிடும். இருபது நிமிஷம் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துவிட்டு, பிறகு கூடி, ஒவ்வொருத்தரும் பார்த்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர் யோசனை சொல்லக் கூடாது, ‘எனக்கும் இப்படித்தான்’ என்று தன் கதைக்கு இழுக்கவும் கூடாது. ‘அப்புறம் என்ன பண்ணிச்சு?’ என்று மட்டும் கேட்கலாம். வாரம் ஒருமுறை, மற்றவரிடம் பார்த்த ஒரு பலத்தை, அது தெரிந்த சம்பவத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். பேச்சு வளர்ந்து தேர்தலுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம்.